நூற்று அறுபத்தைந்து வோல்ட்

ங்ங்ங் என்று ஓர் இரைச்சல் கேட்டைத் திறக்கும்போதே உங்களுக்குக் கேட்டிருக்கும். பயப்படாதீர்கள் சார், கிட்டார் ஆம்ப்புதான். பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள், வால்வு சூடேற வேண்டுமே என்று பத்தரைக்கே போட்டு வைத்துவிட்டேன். வாருங்கள், உள்ளே வாருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

கொஞ்சம் மெதுவாகப் பேசலாம் சார். சம்சாரம் வீட்டில் இருக்கிறாள், சமையலறையில். இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னோடு பேச்சு இல்லை, அவ்வளவுதான். இன்றோடு பதினோரு நாள்.

விற்பனைக்கென்று செல்லில் நான் போட்டிருந்த இருபது வினாடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தானே கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வந்தீர்கள்? போனில் மற்றவர்கள் எல்லாம் கிட்டார் எந்த வருடத்தது, ஆம்ப் எத்தனை கிலோ என்று கேட்டார்கள். நீங்கள் ஒருவர்தான், "அண்ணா, இந்த டோன் எப்படி வந்துச்சு, என்ன பெடல்?" என்று கேட்டீர்கள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், கொடுத்தால் இவருக்குத்தான் என்று. பெடல் எதுவும் கிடையாது சார். சொல்கிறேன். சொல்லாமல் தூக்கிக் கொடுத்தால் உங்கள் வீட்டில் போய்ப் போட்டதும் இது வராது. கரூர்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்பீர்கள்.

என் பெயர் சூசைராஜ். ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியன். படித்து வந்த வேலை இல்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இருபத்திரண்டு வருடமாக நைட் ஷிப்ட் மட்டும்தான். ரீத்தா, என் சம்சாரம், டெக்ஸ்டைல் கம்பெனியில் செக்கிங். காலையில் ஏழு மணிக்கு நான் வருவேன், எட்டரைக்கு அவள் போவாள். சாயங்காலம் ஆறுக்கு அவள் வருவாள், எட்டுக்கு நான் போவேன். நடுவில் இருக்கிற நேரத்தில்தான் எங்கள் குடும்பம் நடந்தது. குறையாகச் சொல்லவில்லை. பகல் முழுக்க நான் இந்த வீட்டில் தனியாக இருப்பேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் கிட்டார் என் மச்சானுடையது. இன்னாசி. ரீத்தாவின் ஒரே அண்ணன். பஸ் பாடி கட்டுகிற ஷெட்டில் அவர் ஸ்ப்ரே பெயிண்டர், மில்லுக்கு வருவதற்கு முன்னால் நான் அதே ஷெட்டில் வயரிங். என்னைவிட ஆறு வயது பெரியவர். திருவிழாக்களுக்கு மெல்லிசைக் கச்சேரி போவோம். அவர் கிட்டார், நான் மைக்செட். சினிமாப் பாட்டு வாசிக்கும்போது மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பல்வலிக்காரன் மாதிரி இருக்கும். துபாயிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த கேசட் ஒன்று அவரிடம் இருந்தது. பெயர் எல்லாம் தேய்ந்து போயிருந்தது. அதில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் தொண்டை கிழியக் கத்துவான், பின்னால் கிட்டார் தகரத்தைக் கையால் கிழிக்கிற மாதிரி வரும். அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. "சூசை, கச்சேரியில நாம அடிக்கறது எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுன சத்தம்டா. எனக்குக் கழுவாத சத்தம் வேணும்," என்பார்.

கழுவாத சத்தம். இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை சார்.

தொண்ணூறாம் வருடம் மே மாதம் அதைப் பிடித்தோம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வண்டிகளை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் ஷெட் ஓடிக்கொண்டிருந்தது. பாதி முடிந்த ஒரு பஸ் கூட்டுக்குள் ஏறிக்கொண்டோம். சீட்டு இல்லை, லைனிங் இல்லை, சுற்றிலும் வெறும் தகரம். இதே ஆம்ப், இதே கிட்டார். டிரைவர் உட்காருகிற இடத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து நான் பட்டனை அழுத்தினேன். வார்த்தை கிடையாது, வெறும் கிட்டார், இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. ஒரே ஒரு தடவைதான் பதிந்தோம். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு அடியும் விழுந்ததும் அமுங்கும். ஆள் குனிந்து மூச்சு வாங்குவதுபோல ஒரு நொடி. அப்புறம் கிழிந்துகொண்டு எழும்பும். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை முயற்சி செய்தோம். மச்சானுக்கே அது திரும்ப வரவில்லை.

போன வருடம் அவர் போய்விட்டார். பெயிண்டும் பீடியும். அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே தொண்டையில் ஆபரேஷன் செய்து பேச்சு போய்விட்டது. சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கென்று மிஞ்சியது இந்தக் கிட்டாரும், அந்தக் கேசட்டும், ரீத்தாவும்தான்.

அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து ரீத்தா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் கேசட்டைப் போடுவாள். ஆனால் முழுதும் கேட்கமாட்டாள் சார். போடுவாள், ஆரம்பத்தில் கொஞ்சம் கேட்பாள், கிட்டார் ஏறி வருகிற நேரத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அவ்வளவு அருமையான டோன், கேட்கக் காது வேண்டாமா? சரி, பாவம், அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று விட்டுவிடுவேன். அவள் வேலைக்குப் போன பிறகு நான் போட்டுக் கடைசிவரை கேட்பேன்.

ஒருநாள் அவள்தான் சொன்னாள். "ஏங்க, டேப்பு நைஞ்சு போறதுக்குள்ள செல்லுல ஏத்திக் குடுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையில ஒரே நாள்ல ஏத்தித் தர்றாங்களாம்."

"கடைக்காரன் கையிலயா? அவனுக்கு என்ன தெரியும்? நான் எதுக்கு இருக்கேன்?"

இப்படித்தான் கேட்டேன் சார். நான் எதுக்கு இருக்கேன். இன்றைக்கு அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நன்றாகச் செய்ய வேண்டும் என்று ஆசை. சத்தம் கொஞ்சம் மங்கிப்போயிருந்தது. டேப் ஓடி ஓடி, ரெக்கார்டரில் அது உரசுகிற ஹெட்டில் காந்தம் ஏறிவிடும், அதை இறக்கினால் சத்தம் தெளியும் என்று ஒரு பழைய ரேடியோ புத்தகத்தில் படித்திருந்தேன். அதற்கென்று பேனா மாதிரி ஒரு சாமான் உண்டு. நான் வாங்குவேனா? மில்லில் எரிந்துபோன மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை உருவி, முஷ்டி கனத்துக்கு ஒரு காயில் சுற்றினேன். காலையில் ஷிப்ட் முடித்து வந்து, ரீத்தா கிளம்பியதும், தூங்காமல் உட்கார்ந்தேன். காயிலைக் கரண்டில் சொருகி, ஹெட்டுக்கு நேராகக் கொண்டுபோய், மெல்ல மெல்ல வட்டம் போட்டு, மெல்ல மெல்ல விலக்கினேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

கேசட் உள்ளே இருந்தது சார்.

கேசட்டை எடுத்துவிட்டுச் செய் என்று புத்தகத்தில் போடவில்லை. அதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று எழுதினவன் நினைத்திருப்பான்.

போட்டுப் பார்த்தேன். ஸ்ஸ்ஸ். ஓட்டிப் பார்த்தேன். ஸ்ஸ்ஸ். திருப்பிப் போட்டேன். கடைசிவரை ஓடவிட்டேன். மத்தியானம் வரைக்கும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், எங்காவது ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்காதா என்று. டேப்பில் சத்தம் நிற்பதும் காந்தமாகத்தான், சுத்தமாகப் போய்விட்டது. ஹெட்டில் இருந்த காந்தமும் போயிருந்தது, அது வேறு விஷயம்.

சாயங்காலம் ரீத்தா வந்தாள். "ஏத்திட்டீங்களா?" என்றாள். "நடந்துட்டிருக்கு," என்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீங்கள் மனதுக்குள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. மூன்று தடவை வாயைத் திறந்தேன் சார், சத்தியமாக. ஒருநாள் காலையில் டிபன்பாக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். "ரீத்தா, ஒண்ணு சொல்லணும்." "சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு." அவள் முகத்தைப் பார்த்தேன். "சிலிண்டர் புக் பண்ணணும்," என்றேன். இன்னொரு நாள் ஆரம்பித்து மில் போனஸ் பேச்சில் போய் முடித்தேன். மூன்றாவது தடவை அவளே முந்திக்கொண்டாள். "முதலாம் வருசப் பூசை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வருவாங்க. அப்ப அண்ணன் கேசட்டப் போடலாமுங்க. எங்க சித்தப்பா வீட்டுல எல்லாம் கேட்டதே இல்ல." அப்படிச் சொல்லும்போது ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அதன் மேல் நான் எப்படித் தண்ணீரை ஊற்றுவது?

பூசைக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. செய்துவிடலாம் என்று தோன்றியது. கிட்டார் இருக்கிறது. ஆம்ப் இருக்கிறது. அந்த இரண்டு நிமிடம் நாற்பது வினாடியும் என் காதுக்குள் இருக்கிறது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பார்த்துப் பார்த்து எனக்கும் சுமாராக வாசிக்க வரும். அதே சத்தத்தைப் பிடித்து, அதே கேசட்டில் பதிந்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

முதல் வாரம், சத்தத்தைக் கிழித்துக் கொடுக்கும் என்று ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்கி வந்தேன். மிதித்தால் கொசு மருந்து அடிக்கிற சத்தம். தூக்கிப் போட்டேன். அப்புறம் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. ஆமாம் சார், உள்ளே இருப்பது பேப்பர் கோன்தான். அந்தக் காலத்தில் அதன் பேப்பர் கிழிந்திருந்தது, பிறகு நானேதான் ஒட்டி வைத்தேன். ஒட்டை உரித்தேன். போதவில்லை. பிளேடு எடுத்து இன்னும் இரண்டு கீறல். பரவாயில்லை, கொஞ்சம் அழுக்கு ஏறியது. அடுத்தது தகரம். பஸ் கூட்டுக்கு நான் எங்கே போவேன்? ஸ்பீக்கரைப் பீரோவுக்குள் வைத்துப் பார்த்தேன், குளியலறையில் வைத்துப் பார்த்தேன். கடைசியில் மில்லில் கழித்துப் போட்ட, காற்றுப் போகிற ஏர் டக்ட் தகரத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இந்த அறையில் சுற்றி நிறுத்தினேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக, "ஏனுங்க, மிக்ஸி ரிப்பேருங்களா? மூணு நாளா அரைச்சுட்டே இருக்கீங்க?" என்று கேட்டது.

ரீத்தா வருவதற்குள் தகரத்தை எல்லாம் எடுத்து மாடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மறுநாள் திரும்ப இறக்க வேண்டும். எப்போது தூங்கினேன் என்று கேட்காதீர்கள். மில்லில் ஒரு தடவை வேறு மெஷினின் சுவிட்சைத் தூக்கப் போனேன், ஃபோர்மேன் கையைத் தட்டிவிட்டார். அதில் ஒரு ஃபிட்டர் கையை வைத்துக்கொண்டிருந்தான் சார்.

முப்பது நாள் போய்விட்டது. கிழிசல் வந்துவிட்டது, தகரம் வந்துவிட்டது. மூச்சு வரவில்லை. அந்த அமுங்கி எழும்புகிற மூச்சு இல்லை. ஒவ்வொரு நாளும் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, மச்சான், எப்படிச் செய்தீர்கள், ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்பேன். கேசட் திருடு போய்விட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். வீட்டுப் பூட்டை நானே உடைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஒருநாள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டேன். நாற்பது ரூபாய் பெறாத கேசட்டைத் திருட எவன் வருவான்?

முப்பத்திரண்டாவது நாள். உச்சி வெயில். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் ஏசி ஓடியிருக்கும் போல, கரண்ட் இறங்கிவிட்டது. ஃபேன் நின்று நின்று சுற்றுகிறது, டியூப் லைட் கண்ணைச் சிமிட்டுகிறது. சனியன், இதுவுமா என்று சலித்துக்கொண்டே கிட்டாரை ஒரு தட்டுத் தட்டினேன்.

அமுங்கியது. மூச்சு வாங்கியது. எழும்பியது.

என் கை அப்படியே நின்றுவிட்டது சார். அந்த பஸ் ஷெட்டின் போர்டில் வோல்ட் காட்டுகிற ஒரு வட்ட மீட்டர் இருக்கும், நான்தான் மாட்டியது. பாட்டைப் பதிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, இருநூற்று முப்பதில் நிற்க வேண்டிய அதன் முள் நூற்று அறுபத்தைந்து வரை இறங்கி இறங்கி ஏறியது. ஏனென்றால் பக்கத்து வண்டியில் இரண்டு வெல்டிங் செட் ஓடிக்கொண்டிருந்தது! வெல்டர் ராடை வைக்கும்போதெல்லாம் கரண்ட் இறங்கும், ஆம்ப்புக்கு மூச்சு முட்டும். எடுத்தால் ஏறும். மச்சானுடைய விரலிலும் இல்லை, என்னுடைய வயரிலும் இல்லை. கரண்ட் பற்றாமல் திணறுகிற ஆம்ப்பு, அதுதான் டோன். நானோ பிறகு வந்த வருடமெல்லாம் அதற்கு ஸ்டெபிலைசர் போட்டு நல்ல கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்லது செய்வதாக நினைத்து.

மில்லிலிருந்து வேரியாக் ஒன்று கொண்டுவந்தேன். அதோ அந்தப் பெட்டிதான், திருகினால் வோல்டேஜ் இறங்கும். நூற்று அறுபத்தைந்தில் நிறுத்தினேன். நெருங்கிவிட்டது. ஆனால் அது ஒரே மாதிரி திணறியது. வெல்டிங் மாதிரி விட்டு விட்டுத் திணறவில்லை. தெருக்கோடியில் கிரில் பட்டறை வைத்திருக்கும் காளியப்பனிடம் போனேன். அவர் பட்டறைக்கும் என் வீட்டுக்கும் ஒரே லைன்.

"காளியப்பா, நாளைக்குப் பதினோரு மணியிலிருந்து ஒரு மணி நேரம் வெல்டு வைக்கணும்."

"வெச்சரலாம். எதைங்க?"

"எதையாவது."

"எதையாவதுன்னா?"

"உங்களுக்குப் புடிச்ச எதையாவது. வெச்சு வெச்சு எடுக்கணும், அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சூசண்ணா, தூங்கி எத்தன நாளாச்சு?"

ஆனாலும் வைத்தார் சார், நல்ல மனுஷன். ஒரு பழைய இரும்புக் கட்டிலை எடுத்துப் போட்டு, காலோடு காலைச் சேர்த்து ஒட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கட்டில் இப்போது யாருக்கும் ஆகாது. பதினேழு தடவை வாசித்தேன். பதினேழாவதில் வந்தது. நீங்கள் செல்லில் கேட்டீர்களே, அதுதான். கேசட்டைத் திருப்பி ஓட்டிக் கேட்டபோது, தொண்ணூறாம் வருடம் மே மாதம் சார், அப்படியே. மச்சான் எழுந்து வந்து உட்கார்ந்த மாதிரி. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பூசைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அந்த ஐந்து நாளும் நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் வந்தார்கள். மச்சான் படத்துக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் சொன்னோம். சாப்பாட்டுக்கு முன்னால் ரீத்தா ரெக்கார்டரைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். அவளே பட்டனை அழுத்தினாள். அழுத்திவிட்டுத் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

கிட்டார் அடித்தது. அமுங்கி, மூச்சு வாங்கி, கிழிந்துகொண்டு எழும்பியது. "அட, இன்னாசி!" என்று அவர்கள் சித்தப்பா தொடையில் தட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் சார்.

ரீத்தா கண்ணைத் திறந்தாள். ரெக்கார்டரைப் பார்த்தாள். நிறுத்தினாள். கேசட்டை முதலிலிருந்து ஓட்டினாள். மறுபடி அழுத்தினாள். கிட்டார். மறுபடி நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"முன்னால வர்ற பேச்சு எங்கங்க?"

"எந்தப் பேச்சு?" என்றேன்.

சத்தியமாகக் கேட்டேன் சார், நடிக்கவில்லை. எனக்கு ஞாபகமே இல்லை. கிட்டாருக்கு முன்னால் முக்கால் நிமிடத்துக்கு ஏதோ சலசலப்பு இருக்கும், ஃபேன் சத்தம், ஆள் சத்தம். நான் எப்போதும் அதை ஓட்டிவிட்டு டோனிலிருந்துதான் கேட்பேன். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் கேட்டேன்.

அவள் சொன்னாள். படத்தைப் பார்த்துக்கொண்டு, குரல் கொஞ்சமும் நடுங்காமல், ஜெபம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "'ஏய் ரீத்தா, ஃபேன நிறுத்து. சூசை, செவப்பு லைட்டு எரியுதா? எரியுதா பாரு. நீ என்னடா இன்னைக்கி மாப்பிள்ள மாதிரி சட்டை போட்டு வந்திருக்க? சிரிக்காத பாப்பா, டேப்புல விழுந்துரும்.' அப்புறம் நான் சிரிப்பேன். அப்புறம் அண்ணன் இருமும். அது எங்க?"

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். ஆமாம், வந்திருந்தாள். என் பெயரும் அதில் இருந்திருக்கிறது சார். மச்சான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், என்னைக் கேலி செய்திருக்கிறார். நான் அதைத் தாண்டித் தாண்டி ஓட்டியிருக்கிறேன்.

அழிந்துவிட்டது என்றேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள். எழுந்துபோய் எல்லாருக்கும் இலை போட்டாள், பரிமாறினாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். அன்றையிலிருந்துதான். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், என் சட்டையைத் துவைத்துப் போடுவாள். பேச்சு மட்டும் இல்லை. கோபமாக இரண்டு அறை அறைந்தால்கூடத் தாங்குவேன். எப்போது பேசுவாள் என்று அவள் பின்னாலேயே அறை அறையாகப் போகிறேன். மில்லுக்குப் போனாலும் காதில் ஒன்றும் ஏறுவதில்லை. நாளைக்கும் இப்படித்தான் இருக்குமா, வருகிற மாதமும் இப்படித்தானா என்று நினைத்தால் மூச்சு நின்றுவிடுகிறது.

அதனால்தான் சார் விற்கிறேன். யோசித்துப் பார்த்தேன், இந்தக் கிட்டார் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அவளுக்குப் புண் எப்படி ஆறும்? அவளைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம், நாமே சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம் என்றுதான் செல்லில் போட்டேன். வேரியாக்கை மட்டும் மில்லில் திருப்பிக் கொடுக்க வேண்டும், நீங்கள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நூற்று அறுபத்தைந்து, மறந்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்தில் வெல்டிங் பட்டறை ஏதாவது… என்ன சார், ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கிட்டாரை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்?

இருங்கள். வருகிறாள்.

"ஏங்க."

சார், கேட்டீர்களா?

"அது எங்கண்ணன் கிட்டாரு. அதை விக்கறதுக்கு நீங்க யாரு?"

கேட்டீர்களா சார், பேசிவிட்டாள். உங்களிடம் இல்லை, என்னிடம்தான், என்னைப் பார்த்துத்தான். இல்ல ரீத்தா, நான் என்ன நெனச்சேன்னா, உன் கண்ணுல படாம இருந்தா…

"டேப்பு அழிஞ்சதச் சொல்லல. இதையும் சொல்லல. எல்லாத்தையும் உங்க மண்டைக்குள்ள நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிக்குவீங்களா? தெரியாத மனுசருகிட்ட ஒரு மணி நேரமா ஒப்பிச்சீங்களே, அதுல பாதிய எங்கிட்டச் சொல்ல நாப்பத்தியொரு நாள் பத்தலையா உங்களுக்கு?"

பத்தல ரீத்தா.

"தம்பி, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. வெயில்ல அலைய வெச்சிட்டாரு. உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்."

உட்காருங்கள் சார், அவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். முறத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டாள் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிப்பது என் வேலை, கல்யாணம் ஆன நாளிலிருந்து. போன ஞாயிற்றுக்கிழமை அவளே உரித்துக்கொண்டாள். அவளும் உரிக்க உட்காருகிறாள்.

"உரிங்க. உரிச்சுக்கிட்டே சொல்லுங்க. டேப்புல இருந்தது எனக்கு மனப்பாடம். டேப்புல இல்லாததச் சொல்லுங்க. நான் சோத்த வெச்சுட்டு, கொஞ்ச நேரம் இருந்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். நீங்க அங்கதான இருந்தீங்க? அண்ணன் வேற என்ன பேசுச்சு?"

சார், எனக்கு அந்த மீட்டர் முள்தான் தெரிகிறது. வயர் எங்கே எங்கே ஓடியது, எந்தப் பின் தளர்ந்திருந்தது, எல்லாம் தெரிகிறது. அவர் வாய் அசைவது தெரிகிறது. என்ன பேசினார்? ஒன்றும் வரமாட்டேன் என்கிறது சார். எத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தேன்.

இரு ரீத்தா. யோசிக்கறேன்.

பசிக்குதுன்னு சொன்னாரு. ஆமா, அது நெசம். வாசிச்சு முடிச்சதும் கிட்டார எங்கிட்டக் குடுத்துட்டு, பசிக்குதுடான்னாரு. நீ கொண்டாந்த தூக்குவாளியத் தெறந்தாரு. என்ன இருந்துச்சு அதுல? புளிச்சோறா? துவையலா, ஆமா, தேங்காத் துவையல். காரம் பத்தலைன்னாரு. எங்கம்மாவுக்குக் கை சுருங்கிப் போச்சுடான்னாரு. எனக்கும் மூடியில போட்டுக் குடுத்தாரு.

அழுவாத. நான் சொல்றேன்.

அப்புறமா… இரு, இரு. பெருசை எல்லாம் நீ எடுத்துக்க. பொடிசு உரிக்க உனக்கு நகம் வலிக்கும், அத இந்தப் பக்கம் தள்ளு.